கல்லாய்ச் சமைந்த உயிர்

அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்குப் போகிறவர்கள், வழியின் பெரும்பகுதியைக் கடந்து கால்கள் தளர்ந்திருக்கும் வேளையில், செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் ஒரு படிவரிசையின் அடியில் வந்து சேருகிறார்கள். அங்கே சிலர் கைகளைப் படிமேல் ஊன்றி, முழங்காலை மடித்து, ஒவ்வொரு படியாகத் தவழ்ந்து ஏறுவதை எந்த நாளிலும் காணலாம். மோகாள்ள பர்வதம் என்று தெலுங்கர் அவ்விடத்தைச் சொல்லுவர். முழங்கால் மலை என்பது பொருள். திருமலை முழுவதும் சாளக்கிராம மயமானது, அதன்மேல் பாதம் படுவது அபசாரம் என்று எண்ணி, ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்பது பரம்பரையாக வரும் செய்தி. சித்தூரில் கட்டமஞ்சிப் பக்கம் பிறந்து, வருஷத்துக்கு ஒரு முறையேனும் அப்படிகளை ஏறி வளர்ந்த எனக்கு, இந்தச் செய்தி காதில் விழாத பிராயம் எது என்று நினைவில்லை.

அதே மலையைப் பற்றிப் புவியியல் அறிஞர் சொல்லும் செய்தி பின்னால்தான் வந்து சேர்ந்தது. மலைச்சாலை போடுவதற்காகப் பாறையை வெட்டிய இடங்களில், அடியில் கிரானைட்டும் அதன்மேல் அடுக்கடுக்காய்ப் படிந்த நகரிக் குவார்ட்சைட்டும் சந்திக்கும் கோடு வெறுங்கண்ணுக்கே தெரியும். கீழ்ப்பாறை 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. மேற்பாறை அதற்குப் பின் பல பத்துக் கோடி ஆண்டுகள் கழிந்தபின் நீரடியில் படிந்து இறுகிய மணல். இடையே கழிந்த அந்தக் காலம் முழுவதற்கும் அங்கே அந்த ஒரு கோட்டைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கோயிலுக்குச் சற்று வடக்கே பக்தர்கள் கண்டு வியக்கும் சிலாதோரணமும் அந்தக் குவார்ட்சைட்டில் நீரும் காற்றும் குடைந்த வளைவே. அப்பாறைகள் உண்டான யுகத்தில் ஓடு உடைய ஜந்துவோ எலும்பு உடைய ஜந்துவோ பூமியில் தோன்றியிருக்கவில்லை. ஆகவே திருமலையில் எங்கே தோண்டினாலும் கிடைக்க இடமில்லாத ஒரு பொருள் உண்டென்றால், அது சாளக்கிராமம்.

ஏனெனில் சாளக்கிராமம் என்பது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது. அம்மோனைட் என்று இன்று பெயர் வழங்கும் கடற்பிராணி, கணவாய்க்கு உறவானது, ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓட்டுக்குள் வசித்தது; இமயம் எழுவதற்கு முன் அவ்விடத்தில் பரந்திருந்த சமுத்திரத்தின் சேற்றில் அது புதைந்து, சேறு கல்லாகி, கல் மலையாகி, மலையைக் கண்டகி நதி அறுத்து, உருட்டி, வழுவழுப்பாக்கி நேபாளத்தின் கரையில் ஒதுக்குகிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்னும் திவ்ய தேசம் அந்த நதியின் தலைப்பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஓட்டின் சுருளைத்தான் நாம் சக்கரம் என்கிறோம்.

என் தாத்தாவின் பூஜைப் பெட்டியில் ஐந்து கற்கள் இருந்தன. பஞ்சாயதன பூஜை செய்கிறவர்களுக்கு இது தெரியும்: நர்மதையின் பாணலிங்கம் சிவனாகவும், கண்டகியின் சாளக்கிராமம் விஷ்ணுவாகவும், சோணையாற்றின் சிவப்புக் கல் கணபதியாகவும், ஸ்படிகம் சூரியனாகவும், நம்முடைய திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் பக்கத்தில் ஓடும் ஸ்வர்ணமுகியின் கல் அம்பிகையாகவும் ஒரே தட்டில் எழுந்தருளியிருப்பார்கள். ஐந்தில் ஒன்றிலும் உளி பட்டதில்லை. ஐந்தில் ஒன்று மட்டுமே ஒரு காலத்தில் உணவு தேடி நீந்தியது. கல்லூரியில் இந்த விஷயத்தைப் படித்துவிட்டு வந்த வாலிபப் பருவத்தில், ஒரு கார்த்திகை மாதக் காலையில், தாத்தா ஈரத் துண்டோடு மணையில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் கையில் இருப்பது செத்த நத்தையின் ஓடு என்று நான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அப்படியா, அது எனக்குத் தெரியாதே அப்பா" என்றார். பிறகு, "தீர்த்தத்தை இப்படித் தள்ளு, நேரமாகிறது" என்றார். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எனக்கோ, அன்று தொடங்கி வெகுகாலம் அந்தப் பெட்டியைத் தொடக் கை கூசிற்று. கல்லைக் கும்பிடலாம், அது வெறும் கல். அதில் எதை வேண்டுமானாலும் ஆவாகனம் செய்யலாம். முன்னொரு காலத்தில் தனக்கென்று ஒரு ஜீவனும் ஒரு மரணமும் வாய்த்திருந்த பொருளில் இன்னொருவரை எப்படி அழைத்து இருத்துவது? இதுவே என் சங்கடம்.

சாளக்கிராமத்தின் சக்கரத்தை வஜ்ரகீடம் என்னும் ஒரு புழு உள்ளிருந்து குடைந்தது என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்திருப்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. கடலென்றும் அம்மோனைட் என்றும் அறியாதவர்கள், அந்தச் சுருளைக் கண்டதும், இது ஆற்றின் வேலை ஆகாது, உளியின் வேலையும் ஆகாது, இதற்குள் ஒரு பிராணி இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு எப்படியோ வந்திருக்கிறார்கள். எந்தப் பிராணி என்பதில் தவறினார்கள். பிராணி என்பதில் தவறவில்லை.

கண்டகிவரை போக வேண்டியதில்லை. எங்கள் பிரதேசத்தின் கிழக்கு ஓரத்தில், தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படும் சத்தியவேட்டுப் பக்கம் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர்வரை பரவியுள்ள படிவப் பாறைகளில், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இலைகளின் பதிவுகளும், இடையிடையே கடல்வாழ் சிப்பிகளின் அச்சுகளும் கிடைத்திருக்கின்றன. அதாவது, அங்கே கரையும் கடலும் மாறி மாறி ஆட்சி புரிந்திருக்கின்றன. அதற்கு அருகேயுள்ள நாகலாபுரத்தில், கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலா தேவியின் நினைவாக ஊர்ப்பெயர் இட்டுத் திருப்பணி செய்த வேதநாராயணர் கோயிலில், பெருமாள் இடைக்குக் கீழே மீனாக நிற்கிறார். வருஷத்தில் மூன்று நாள் மாலைச் சூரியன் வாசல்களையெல்லாம் கடந்து வந்து அவர் திருமேனியில் படும் சிறப்பைக் காணப் போகிறவர்கள், ஒரு காலத்தில் கடல் தவழ்ந்த சீமையில் மச்சாவதாரத்தைச் சேவிக்கிறார்கள். இதைப் பொருத்தம் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் துணியவில்லை.

ஆனால் என் சங்கடத்துக்கு நேராக முகம் கொடுத்த இடம் தென்னாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில், வராகநதிக் கரையில் இருக்கும் திருவக்கரை. சித்தூரிலிருந்து பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலைக்குப் பேருந்துகள் நிறைந்து போகும். அப்படிப் போன ஒரு கூட்டத்தோடு போய், அவர்கள் மலை சுற்றிவிட்டு வேலூர்ப் பக்கம் திரும்புகையில், நான் மட்டும் செஞ்சி, திண்டிவனம், மயிலம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஊருக்குக் கிழக்கே, முள்வேலிக்குள், செம்மண் மேட்டில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. விழுந்து கிடக்கின்றன என்றுதான் முதலில் கண் சொல்லுகிறது: புயலில் சாய்ந்த மரங்களை அறுத்து, வண்டி வருவதற்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று. நெருங்கிக் குனிந்து கையை வைத்தால் கல் சுடுகிறது.

ஏறக்குறைய 200 மரங்கள் 100 ஹெக்டேர் பரப்பில் அவ்விதம் கிடக்கின்றன. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை; எல்லாம் படுத்த நிலையிலேயே இருக்கின்றன. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் எங்கோ வளர்ந்திருந்த காட்டை ஒரு வெள்ளம் பெயர்த்து, உருட்டி, கிளைகளை முறித்து, அடிமரத்தை மட்டும் இங்கே மணலில் புதைத்துவிட்டது என்பது அறிஞர் கொள்கை. புளிக்கும் ஆமணக்குக்கும் உறவான இனங்களை அவற்றின் நுண்ணறைகளை உருப்பெருக்கியில் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார்கள். 1781-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னரா இவற்றைக் கண்டு எழுதினார். 1940-இல் இது புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாயிற்று.

சொன்னரா வருவதற்கு முன்பே ஊரார் இவற்றுக்குக் கணக்குச் சொல்லியிருந்தார்கள். வக்கிராசுரன் என்பவன் சிவபக்தன். வரத்தின் பலத்தால் தேவர்களை இடுக்கண் படுத்தினான். ஈசன் கட்டளைப்படி திருமால் சக்கரத்தை விட்டு அவனை வதைத்தார். அவன் தங்கை துன்முகியைக் காளி அழித்தாள். கோயிலில் வரதராஜப் பெருமாளுக்கும் வக்கிரகாளிக்கும் சந்நிதிகள் இருப்பதற்கு அதுவே காரணம். மேட்டில் கிடப்பவை அசுரனின் எலும்புகள். அன்று வேலியோரம் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் இவை என்ன என்று கேட்டேன். "எலும்புங்க சாமி" என்றவள், எதிரே மரம் என்று எழுதியிருந்த பலகையைக் கையால் காட்டி, "மரம்னும் சொல்றாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். அவள் குரலில் ஒன்றை மறுத்து ஒன்றை நிறுத்தும் தொனி இல்லை.

அந்த மேட்டில் நின்று பார்க்கிறவன் அக்கதையைப் பரிகசிக்க மாட்டான். இரும்புச் சத்து ஏறிய செம்மண். அதில் முறிந்தும் உருண்டும் கிடக்கும், கணுப் பருத்த நீண்ட உருவங்கள். கை கால் வெட்டுண்ட தோற்றம். போர் முடிந்த களத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை யாரும் அமைக்க முடியாது. கண்டகிக் கரையில் உள்ளங்கையில் அடங்கும் கருமையான சக்கரத்தைக் கண்டவன் விஷ்ணு என்றான். இங்கே இருபது முழமும் முப்பது முழமும் நீண்டு இரத்த நிறத்தில் கிடப்பதைக் கண்டவன் அசுரன் என்றான். இருவருமே, முழங்கால் தேய ஏறிய ஆசாரியரைப் போல, கல்லைக் கண்டதும் இது கல் மட்டும் ஆகாது என்ற ஓர் உணர்ச்சிக்கு ஆட்பட்டவர்கள். திருமலையில் அந்த உணர்ச்சிக்குச் சாஸ்திரம் மட்டும் துணை. திருவக்கரையில் விஞ்ஞானமும் துணை நிற்கிறது.

காவலாளி ஒருவர், நடுத்தர வயது, நான் வெயிலில் வெகுநேரம் ஒரே மரத்தருகே நிற்பதைக் கண்டு வந்தார். "இப்படிப் பார்த்தா தெரியாது சார்" என்று, கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, மரத்தின் வெட்டுமுகத்தில் மெல்ல ஊற்றினார். மங்கிய சாம்பல் நிறமாய் இருந்த முகம் ஒரு நொடியில் கருஞ்சிவப்பும் தேன் நிறமும் ஆகி, வளையத்துக்குள் வளையமாக, நடுவே சற்றே ஒதுங்கிய வைரத்தோடு, ஒரு மரம் எழுந்து வந்தது. ஓரத்தில் கிளை பிரிந்த கணுவைச் சுற்றி ரேகைகள் ஆற்றுநீர் கல்லைச் சுற்றுவது போல் விலகிச் சென்றன. வெயிலில் அது உலர, வளையங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறைந்தன.

மரம் கல்லான விதத்தை இப்படிச் சொல்லுகிறார்கள்: மணலில் காற்றுப் புகாமல் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறுகிறது, அந்நீரில் கரைந்துள்ள சிலிகா, மரத்தின் நுண்ணறைகளில் படிந்து, மரச்சத்து சிதைந்து விலக விலக அந்த இடத்தைத் தான் நிரப்புகிறது. ஓர் அணு போக ஓர் அணு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அவசரம் இல்லாததால் வடிவம் பிசகுவதில்லை. வேலை முடிந்தபோது மரத்தின் திரவியம் அங்கே ஏறக்குறைய இல்லை. மரத்தின் ரூபம் முழுதும் இருக்கிறது. மரத்தால் செய்த யானையில், யானையைக் காண்பவனுக்கு மரம் மறைவதையும் மரத்தைக் காண்பவனுக்கு யானை மறைவதையும் திருமூலர் உவமையாக வைத்தார். இங்கே கல்லும் மரமும் ஒன்றையொன்று மறைக்கவில்லை. ஊரார் அதற்குக் கல்மரம் என்று இரண்டையும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இது மரமா? திரவியம் முழுவதும் மாறிய பின்னும் அதே பொருள் என்று சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? இந்தக் கேள்வியோடு மாலையில் சந்திரமௌலீசுவரர் கோயிலுக்குள் நுழைந்தேன்; விடையின் ஒரு பாதி அந்தக் கோயிலின் சுவரிலேயே இருப்பதாக எனக்குப் பட்டது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. இன்று நாம் காணும் கற்றளி, கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவியார், முதலாம் ராஜராஜனின் 16-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1001-இல் எடுப்பித்தது. அந்த அம்மையார் கைம்மை நோன்போடு வாழ்ந்த நெடிய ஆயுளில் செய்த பெரும்பணி, செங்கல்லாலான பழங்கோயில்களைக் கல்லாக மாற்றியதுதான். அவர் மூலஸ்தானத்தை வேறிடத்துக்குப் பெயர்க்கவில்லை. செங்கல் விலக விலக அந்த இடத்தைக் கல் நிரப்பிற்று. திருக்கோடிகாவலில், பழைய கற்களில் சிதறிக் கிடந்த சாசனங்களைக்கூட விடாமல் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தார். அடிமரத்தின் கணுவை அதன் இடத்திலேயே வைத்துக் கல்லாக்கிய அந்த நீரின் நிதானம் அவரிடம் இருந்தது. தாம் கற்றளி எடுப்பித்த ஊரின் மேட்டில் கிடந்த கல்மரங்களை அவர் பார்த்திருப்பாரோ என்னவோ. இரண்டு வேலையும் ஒரே வேலை என்று நான் நினைக்கிறேன்.

சம்பந்தர் கண்ட கோயிலில் ஒரு செங்கல்கூட இன்று நம் கண்ணில் படாது. ஆயினும் அது பாடல் பெற்ற தலம் அன்று என்று எந்தச் சைவரும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார். ஒன்று அதுவாகவே இருப்பது திரவியத்தில் இல்லை என்பதை நம் முன்னோர் தர்க்கத்தால் நிறுவுவதற்கு முன் திருப்பணியால் நிறுவிவிட்டார்கள்.

இந்த அளவில் மனம் சமாதானம் அடைந்திருக்கலாம். ஆனால் திருப்பணியில் இன்னொரு காரியம் உண்டு. அதை நினைத்தபோது சமாதானம் கலைந்தது. ஜீர்ணோத்தாரணம் தொடங்குமுன், மூலமூர்த்தியிலுள்ள சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்துக்கு எழச் செய்து, பாலாலயத்தில் இருத்திப் பூஜிக்கிறார்கள். வேலை முடிந்து, கும்பாபிஷேகத்தில் அதைத் திரும்ப எழுந்தருளச் செய்கிறார்கள். கல்லாக மாறிய அந்தக் காட்டின் பிராணனை யார் எந்தக் கும்பத்தில் வாங்கி வைத்தார்கள்? கணு இருக்கிறது, வளையம் இருக்கிறது, வைரம் இருக்கிறது. தளிர் விடும் அது இல்லை. திரவியம் போயும் பொருள் நிலைக்கும் என்று செம்பியன் மாதேவியாரின் கோயில் சொன்னால், ரூபம் பிசகாமல் நிலைத்தும் உயிர் நிலைக்கவில்லை என்று மேட்டிலுள்ள மரம் சொல்லுகிறது. உயிர் திரவியமும் அன்று, ரூபமும் அன்று. சித்தாந்த நூல்களில் படித்தபோது வெறும் வாக்கியமாக இருந்தது, அன்று கையைச் சுட்ட கல்லாக இருந்தது.

அப்படியானால் கர்ப்பகிருகத்தில் மும்முக லிங்கமாக இருக்கும் கல்லுக்கும் மேட்டில் கிடக்கும் கல்லுக்கும் என்ன பேதம்? பிரதிஷ்டை என்பது விடை. நித்திய பூஜை என்பது அதன் மறுபாதி: பூஜை நின்றுபோனால் சாந்நித்தியம் குறையும், மறுபடி சம்ப்ரோக்ஷணம் வேண்டும் என்று ஆகமங்கள் வெளிப்படையாகவே சொல்லுகின்றன. ஆயிரம் ஆண்டாக யாரோ ஒருவர் விடியலில் வந்து நீர் சொரிந்து விளக்கேற்றியதால் அந்தக் கல் அந்தக் கல்லாக இருக்கிறது. இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

சாளக்கிராமம்தான் இந்தக் கணக்குக்குள் அடங்காமல் நிற்கிறது. அதற்குப் பிரதிஷ்டை கிடையாது. மந்திரம் சொல்லி அதில் ஒருவரை அழைக்க வேண்டியதில்லை. பூஜை விட்டுப்போனாலும் சாந்நித்தியம் போவதில்லை என்பது சம்பிரதாயம். ஒரு காலத்தில் அதை அந்தக் கல்லுக்குக் கொடுத்த சலுகை என்று எண்ணியிருந்தேன். திருவக்கரைக்குப் பிறகு வேறு விதமாக எண்ணுகிறேன்: மனிதன் கொடுக்காத ஒரு புனிதம், மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டுவிட்டது, அதை அவன் கண்டுகொண்டு கைகூப்பலாமேயன்றி உண்டாக்க முடியாது என்பதற்கு, நம் வைதிக மரபு தன் பூஜைத் தட்டிலேயே வைத்துக்கொண்ட ஒப்புதல் அது. உயிர் வந்து தங்கிச் சென்ற வீடு, வெறும் வீடு ஆகாது. இவ்வாறு எண்ணினால் என் வாலிபக் காலத்துச் சங்கடத்துக்கு இடமில்லை; அந்த ஜந்துவின் ஜீவனை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் வேறொருவரை நாம் இருத்தவில்லை. எல்லா ஜீவனிலும் எவர் இருக்கிறார் என்று வேதாந்தம் சொல்லுகிறதோ, அவர் அதிலும் இருந்தார் என்பதற்குச் சுருளே அடையாளம்.

மேட்டிலுள்ள மரங்களுக்கும் அந்த மரியாதை உரியது என்பது என் துணிபு. அவற்றை அசுரன் என்றதனால் ஊரார் இழிவு செய்யவில்லை. அந்த அசுரன் பக்தன். வக்கரை என்ற பெயரில் அவன் பெயரையே ஊர் தாங்கியிருக்கிறது. திரு என்ற அடை அதற்கு முன்னே நிற்கிறது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் அவ்வூர் மூதாட்டிபோல் இல்லை. ஒரு மரத்தின் பக்கவாட்டில் ஆணியால் இரண்டு பெயர்களைக் கீறி, நடுவே இதயம் வரைந்திருந்ததைக் கண்டேன். இன்னொன்றின் விளிம்பில் புதிதாகப் பெயர்த்த வடு வெள்ளையாகத் தெரிந்தது. நினைவுக்காக ஒரு துண்டு எடுத்துப் போகிறவன் திருடுவதாக எண்ணுவதில்லை, கல்தானே என்கிறான். கோயில் தூணில் ஒரு சில்லைப் பெயர்க்க அவனுக்குக் கை வருமா? 2 கோடி ஆண்டு இருந்ததை ஒரு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது எனக்குத் தாங்கவில்லை; அன்று யாரையும் தடுக்க வாய்க்கவில்லை என்பது இன்னமும் உறுத்துகிறது.

அன்றிரவு கோயிலிலேயே தங்கி, பௌர்ணமி நள்ளிரவில் வக்கிரகாளிக்குக் காட்டிய ஜோதியைக் கூட்டத்தோடு நின்று தரிசித்தேன். மறுநாள் இருட்டும் நேரத்துக்குச் சித்தூர் வந்தேன்.

தாத்தா இப்போது இல்லை. பெட்டி என்னிடம் இருக்கிறது. மறுநாள் காலை ஐந்து கற்களையும் தட்டில் எடுத்து வைத்து, உத்தரணியால் தீர்த்தம் எடுத்து, சாளக்கிராமத்தின்மேல் சொரிந்தேன். கறுத்து மங்கியிருந்த கல்லில் சுருள் எழுந்து வந்தது. வெளி வட்டத்திலிருந்து உள்ளே செல்லச் செல்ல நெருங்கும் அதன் வரம்புகளை நகத்தால் தொட்டு எண்ணினேன். பதினேழுவரை எண்ணினேன். அதற்குள் ஈரம் உலர்ந்தது, மறுபடியும் சொரிந்தேன்.